ஒரு நாள் முகாமை விடுங்கள், பெஞ்சை மாற்றிப் பாருங்கள்

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 42 பேர். ஆறேழு கும்பலாகவே திரிகிறார்கள், எந்தக் கும்பலிலும் சேராமல் நான்கைந்து பேர் தனியாக நிற்கிறார்கள். குரூப் வேலை கொடுத்தாலும் பழைய கூட்டாளிகளே ஒன்றுசேர்ந்துகொள்கிறார்கள். வெளி நிறுவனம் ஒன்றை அழைத்து ஒரு நாள் 'நட்புத் திறன் முகாம்' நடத்தலாம் என்று பள்ளியில் பேச்சு நடக்கிறது, கட்டணம் பெற்றோரிடம் வாங்குவார்களாம். வகுப்பாசிரியர் கருத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன எழுதுவது? முகாம் வேண்டாம் என்றால் நானே என்ன செய்யலாம்?

பதில்: வேண்டாம் என்றே எழுதிக் கொடுங்கள். காரணம் கேட்பார்கள், அதையும் சொல்கிறேன்.

இந்த முகாம் வியாபாரம் எனக்கு மனப்பாடம். காலையில் ஒருவர் மைக்கோடு வருவார், கயிறு வரும், பலூன் வரும், கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து நடக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், ஏன் சிரிக்க மாட்டார்கள், அன்றைக்குப் பாடம் இல்லையே. சாயங்காலம் கலைவதற்கு முன்னால் ஒரு தாளைக் கொடுத்து, இன்று புது நண்பர்கள் கிடைத்தார்களா என்று கேட்பார்கள், எல்லோரும் ஆமாம் என்று டிக் அடிப்பார்கள், அடுத்த வாரம் அது வண்ண வரைபடமாக உங்கள் தலைமையாசிரியர் மேசைக்கு வந்துவிடும். இதே தாளை மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுத்துப் பார்க்கலாமே என்று ஒரு முறை கேட்டேன். அது எங்கள் பேக்கேஜில் இல்லை சார் என்றார்கள்.

ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2018-ல் ஒரு கணக்குச் சொன்னார்: வெறும் அறிமுகம் சாதாரண நட்பாக மாறுவதற்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். அது பெரியவர்களையும் கல்லூரி மாணவர்களையும் வைத்துப் பார்த்தது, உங்கள் ஏழாம் வகுப்புக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முகாம் என்பது மொத்தம் ஆறு மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு, அரை மணி நேரம் போட்டோவுக்கு.

இன்னொரு சங்கதி. முகாம்காரர்கள் முதல் வேலையாகப் பிள்ளைகளைச் சிவப்பு அணி, நீல அணி என்று பிரிப்பார்கள். முசாபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 1954-ல் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் 22 பையன்களை இரண்டு அணியாக்கி முகாம் நடத்தினார். போட்டி வைத்ததும் கொடியை எரிக்கிற அளவுக்குப் பகை மூண்டது. சரி, ஒன்றாக உட்காரவைத்தால் சமாதானமாகிவிடுவார்கள் என்று சேர்ந்து சாப்பிட வைத்தார்கள், சேர்ந்து படம் பார்க்க வைத்தார்கள். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டதுதான் மிச்சம். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோய் இரண்டு அணியும் சேர்ந்தே அடைப்பைத் தேட வேண்டியிருந்தபோது, லாரி கிளம்பாமல் எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தபோது, அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் தளர்ந்தது. ஒரே இடத்தில் இருப்பது போதவில்லை, ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு வேலை நடக்காது என்ற நிலைமை தேவைப்பட்டது. உங்கள் வகுப்பில் அதை ஏற்பாடு செய்ய மைக் தேவையில்லை.

முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான். மூன்று நாள் உணவு இடைவேளையில் ஒரு ஓரமாக நின்று சும்மா பாருங்கள். நான் போயிருந்த ஒரு பள்ளியில் ஒரு பெண் ஒரே இடைவேளையில் மூன்று முறை தண்ணீர் பாட்டிலை நிரப்பினாள். நிரப்பி, செடிக்கு ஊற்றிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்றாள். தாகம் இல்லை, வரிசையில் நிற்கிறவளைப் பார்த்து ஏன் தனியாக இருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். அவளுடைய வகுப்பாசிரியரிடம் சொன்னேன். அவளா, ரொம்பச் சுறுசுறுப்பு சார், செடிக்கெல்லாம் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள் என்றார்.

அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு. யார் பக்கத்தில் உட்கார ஆசை, மூன்று பெயர் எழுது, நான் மட்டும்தான் பார்ப்பேன். இது 1930-களில் ஜேக்கப் மொரேனோ கொண்டுவந்த பழைய முறை, இன்றைக்கும் இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை. யாருடைய சீட்டிலும் பெயர் வராத பிள்ளைகள் யார் என்று பாருங்கள், நீங்கள் நினைத்த நான்கைந்து பேராகவே இருக்காது. யாரைப் பிடிக்காது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மணி அடிப்பதற்குள் யார் யாரை எழுதினார்கள் என்பது வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

சீட்டு கைக்கு வந்ததும் இட மாற்றம். ஹங்கேரியில் சுமார் 3,000 பள்ளி மாணவர்களை எந்தத் தேர்வும் இல்லாமல் குலுக்கல் முறையில் உட்காரவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. பக்கத்தில் உட்காராத இருவர் ஒருவரையொருவர் நண்பர் என்று சொல்ல 15 சதவீத வாய்ப்பு, பக்கத்தில் உட்கார்ந்தால் 22 சதவீதம். பெரிய அற்புதம் இல்லைதான். ஆனால் செலவு என்ன? நாற்காலியை நகர்த்துகிற சத்தம். பாதி ஆசிரியர்கள் இடத்தை மாற்றுவதைத் தண்டனையாக மட்டுமே பயன்படுத்துகிறார்கள், பேசினால் தூக்கி வேறு பெஞ்சில் போடுவது, அதனால் இடம் மாறினாலே பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாறும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை. வாரா வாரம் மாற்றாதீர்கள், பழகுவதற்கு முன் பிரித்த மாதிரி ஆகிவிடும். தனியாக நிற்கிற பிள்ளைகள் இருவரை ஒரே பெஞ்சில் சேர்த்துவைக்காதீர்கள், வகுப்பு அதற்கு உடனே ஒரு பட்டப்பெயர் வைத்துவிடும். அமைதியாகப் பழகுகிற, எல்லோருக்கும் பிடித்த ஒரு பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும், அதன் பக்கத்தில் போடுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள். ஒருவனை இன்னொருவன் சீண்டி அழவைக்கிறான் என்று தெரிந்தால் அவர்களைச் சேர்க்காதீர்கள், அது நட்பு விவகாரமே இல்லை.

இப்போது குரூப் வேலை. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, நீங்கள் கொடுப்பது குரூப் வேலை இல்லை, குரூப்பாக உட்கார்ந்து ஒருவர் செய்கிற வேலை. சார்ட் பேப்பரைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே: கையெழுத்து அழகான பெண் எழுதுவாள், வாயாடி பேசுவான், ஒருவன் ஸ்கெட்ச் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான், ஐந்தாவது பிள்ளை ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருக்கும். பீரியட் முழுக்க ஸ்கேல்.

1971-ல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டின் நகரத்தில், கறுப்பின, வெள்ளை, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை முதல் முறையாக ஒரே வகுப்பில் சேர்த்து, வகுப்பறையே போர்க்களமாகிவிட்ட நேரத்தில், எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் யாருக்கும் நட்பைப் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஜிக்சா முறை என்று பெயர். மற்றவர் துண்டு நமக்கு வேண்டும் என்றால் அவர் பேசுவதைக் கேட்டே ஆக வேண்டும், கேலி செய்தால் நமக்குத்தான் நஷ்டம்.

உங்கள் 42 பேருக்கு இப்படிச் செய்யலாம். பாடத்தில் ஐந்து துண்டாகப் பிரிக்கக்கூடிய ஒரு பகுதியை எடுங்கள், சமூக அறிவியலோ அறிவியலோ நன்றாக வரும். நீங்களே பெயர் எழுதி எட்டுக் குரூப் போடுங்கள், ஐந்தைந்து பேராக 40, மிச்சம் இரண்டு பேரை இரண்டு குரூப்பில் ஆறாவது ஆளாகச் சேர்த்து, அங்கே மட்டும் ஒரு துண்டை இருவர் பகிரட்டும். முதலில் ஒரே துண்டு வைத்திருக்கிறவர்கள் நான்கைந்து பேராக வேறொரு மேசையில் கூடி, படித்து, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒத்திகை பார்க்க வேண்டும். இதை அவசரத்தில் வெட்டிவிடுகிறார்கள், வெட்டினால் மொத்தமும் கெட்டது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கும் கூச்சமுள்ள பிள்ளைக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் உயிர், சொல்ல வேண்டியதை ஏற்கெனவே ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் குரூப்புக்குத் திரும்புகிறது. பிறகு ஒவ்வொருவரும் தன் துண்டைச் சொல்லிக்கொடுப்பார்கள், கடைசியில் எல்லோருக்கும் ஐந்து துண்டிலிருந்தும் சின்னத் தேர்வு, தனித்தனி மதிப்பெண். குரூப்புக்கு ஒரே மதிப்பெண் போடவே போடாதீர்கள். உன்னால்தான் எனக்கு மூன்று மார்க் போச்சு என்ற ஒரு வாக்கியம் ஆறு வார வேலையை அழித்துவிடும்.

முதல் இரண்டு முறை சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். வராந்தாவில் யாராவது எட்டிப்பார்த்து வகுப்பில் கட்டுப்பாடு இல்லை என்று எழுதிவைப்பார்கள். எழுதட்டும். வாரம் இரண்டு பீரியட், ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். உங்கள் நான்கைந்து பேரில் ஒரு பிள்ளை வீட்டில் நன்றாகப் பேசி, பள்ளிக்குள் நுழைந்தால் வாயே திறக்காத பிள்ளையா என்று விசாரியுங்கள். கூச்சம் வேறு, இது வேறு. வீட்டில் சண்டை போடும், பாட்டுப் பாடும், போனில் கதை கதையாகப் பேசும், வகுப்பில் வருகைப் பதிவுக்குக் கூடக் குரல் வராது. பள்ளி தொடங்கிய முதல் மாதத்தை விட்டுவிடுங்கள், வகுப்பு மொழியே புதிது என்றால் அதையும் விட்டுவிடுங்கள். அதெல்லாம் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே இருந்தால் இது தேர்ந்தெடுத்த மௌனம் என்ற பதற்றக் கோளாறாக இருக்கலாம். தேர்ந்தெடுத்த என்ற அந்தச் சொல்லே ஒரு தொல்லை, பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, பேச நினைத்தாலும் தொண்டை இறுகிப்போகிறது. திமிர் என்று நினைக்காதீர்கள். 'ஒரே ஒரு வார்த்தை சொல்லு, எல்லோரும் கை தட்டுவோம்' என்று எழுப்பி நிறுத்தாதீர்கள், இதைப் பாசத்தோடு செய்கிறவர்கள்தான் அதிகம், செய்த பிறகு பிள்ளை இன்னும் ஆழமாக உள்ளே போய்விடும். ஜிக்சாவிலிருந்து விலக்கவும் வேண்டாம். தன் துண்டை எழுதிக் காட்டட்டும், சம்மதித்தால் வீட்டில் பதிவுசெய்து கொண்டுவந்து குரூப்பில் போட்டுக் காட்டட்டும், ஒரே ஒரு தோழியிடம் கிசுகிசுத்தால் அதுவே போதும், அதையும் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள். பெற்றோரிடம் சொல்லிக் குழந்தை உளவியலாளரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ அனுப்புங்கள், சீக்கிரம் அனுப்பினால் நன்றாகவே சரியாகிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள், கேட்காதீர்கள். முகாம்காரர்களிடம் இப்படி ஒரு பிள்ளை மாட்டினால் மைக்கை வாயருகே நீட்டுவார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முகாமை மறுத்தால் அதே ஆட்கள் வேறு சரக்கோடு வருவார்கள். விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை கலகலப்பானதா ஒதுங்கிப்போவதா என்று அறிக்கை தருகிறோம் என்பார்கள். விரல் ரேகைக்கும் குணத்துக்கும் விஞ்ஞானத்தில் ஒரு தொடர்பும் இல்லை, வாசலோடு அனுப்புங்கள். தனியாக இருக்கிற பிள்ளை போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் வந்து கூப்பிட வேண்டிய வண்ண பெஞ்சும் விற்கிறார்கள். பெஞ்ச் கெட்டதில்லை, ஆனால் உட்கார்ந்தவரைக் கூப்பிட வேண்டும் என்று தினமும் பழக்காவிட்டால், எனக்கு யாரும் இல்லை என்று ஊருக்கே பலகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரிதான். ஏழாம் வகுப்புப் பிள்ளை செத்தாலும் அதில் உட்காராது.

தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியது வேறு. உணவு இடைவேளையை இருபது நிமிடமாகக் குறைத்துவிட்டு, விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் பிரிவுகளைக் கலைத்து அடுக்கிவிட்டு, மதிப்பெண் அட்டையில் 'நட்புணர்வு' என்று ஒரு கட்டம் போட்டு அதற்கு கிரேடு எழுதச் சொல்கிறார்கள். பிள்ளை எப்போது பழகும், எச்சில் கை காய்வதற்குள்ளா? முகாம் வேண்டாம் என்கிற அதே தாளில் இடைவேளையில் பத்து நிமிடத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுதுங்கள், கூடவே வகுப்புக்கு இரண்டு சதுரங்கப் பலகை. சதுரங்கத்துக்கு இரண்டு பேர் போதும், முகம் பார்த்துப் பேச வேண்டாம், எதிரில் உட்கார ஒரு காரணம் கிடைக்கிறது. பேச்சு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஒரு நண்பனோடு சந்தோஷமாக இருக்கிற பிள்ளையைக் கூட்டத்தில் தள்ளிவிடாதீர்கள்.

ஆறாவது வாரம் முடிந்ததும் அதே மூன்று பெயர்ச் சீட்டை மறுபடி எழுத வையுங்கள். யார் சீட்டிலும் வராத பிள்ளைகள் ஐந்து பேர் இருந்து மூன்றாகக் குறைந்திருந்தால் நன்றாகப் போகிறது என்று அர்த்தம், அடுத்த சுற்று ஆரம்பியுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் குரூப்பைக் கலைத்து வேறு மாதிரி போடுங்கள், பிள்ளையிடம் போய் நீ ஏன் பழகவில்லை என்று கேட்காதீர்கள். எண்ணி முடித்ததும் சீட்டுகளைக் கையோடு கிழித்துப் போட்டுவிடுங்கள், ஸ்டாஃப் ரூம் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.