நம்ம கடற்கரை ஸ்டாப்பர் இந்தியா டீமுக்குத் தகுதியா? கேளுங்க, சொல்றேன்

ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து பதில் சொல்றேன்னு நேத்து வாய்விட்டது தப்பாப் போச்சு, சாளைக்கறியும் மரச்சீனியும் தின்னுட்டு வந்து பாத்தா ஒருபாடு கேள்வி கெடக்கு, அதுல பாதி ஒரே கேள்வி: ஸ்டாப்பரா (கோலுக்கு முன்னால நடுவுல நின்னு தடுக்குற சென்டர் பேக்) ஆடுற நம்ம கடற்கரைப் பையனை இந்தியா ஃபுட்பால் டீம்ல எடுக்கலாமா? என்னைத் தெரியாதவங்களுக்கு: தூத்தூர் பக்கம், பதினொரு வருஷம் ஸ்டாப்பர் பேக்கா ஆடினவன், கால் முட்டு போனதுக்குப் பொறவு கோச்சுக்கான டி லைசென்ஸ் எடுத்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேன். ஒரே ஒரு கண்டிஷன், அந்தப் பையன் பேரை யாரும் இங்க போடப்படாது. அவன் அம்மா ஃபோன்ல எல்லாத்தையும் படிக்கும், போன தடவை ஒருத்தன் எழுதுனதைப் பாத்து ரெண்டு நாள் சோறு எறங்கல.

வள்ளவிளை மக்கா: அண்ணே நேரா கேக்கேன், நம்ம பையன் இப்ப ரெண்டாம் மட்டமா இருக்குற ஐ-லீக்ல நாலாவது சீசன், வயசு 26, இடதுகால் சென்டர் பேக். இந்தியா டீம்ல எடுக்கலாமா கூடாதா?

இந்தியா டீம் பயிற்சி கேம்புக்குக் கூப்பிடணும். மேட்ச் ஆடுற பதினொண்ணுல எறக்கக் கூடாது, இப்போதைக்கு. ரெண்டும் வேற வேற, எல்லாரும் இதைப் போட்டுக் கொழப்புறதுலதான் சண்டையே வருது.

ஏன் கூப்பிடணும்னா அந்த இடதுகால். இடப்பக்க ஸ்டாப்பர் வலதுகால் ஆளா இருந்தா கோலி குடுக்குற பந்தை உள்பக்கமா திரும்பித்தான் எடுப்பான், அங்கதான் எதிராளி ஸ்ட்ரைக்கர் ஓடி வந்துட்டிருப்பான். இடதுகால்காரன்னா லைன் பக்கமா திறந்து எடுத்து ஒரே தட்டுல லெஃப்ட் பேக்குக்கோ, இல்ல நேரா முன்னால ஓரத்துல ஓடுற விங்கருக்கோ விட்டுருவான். நம்ம நாட்டுல மேல்மட்டத்துல அப்படிப்பட்ட சென்டர் பேக்கை எண்ணினா ஒரு கையில விரல் மிஞ்சும். நம்ம பையன் அந்த 40 கெஜம் பந்தை தூக்கம் கலையாம போடுவான்.

ஏன் எறக்கக் கூடாதுன்னா, அவனுக்குத் திரும்புறது மெதுவு. முன்னால நிக்குற ஸ்ட்ரைக்கரை நல்லா பிடிப்பான், பின்னால இருந்து தாமதமா ஓடி வர்ற மிட்ஃபீல்டரை விட்டுருவான். 2025 அக்டோபர்ல கோவால சிங்கப்பூர் கூட நடந்ததை நெனச்சுப் பாருங்க, சாங்தே கோல் அடிச்சு நாம முன்னால இருந்தோம், அப்புறம் அவங்க ஆள் சாங் உய்-யங் ரெண்டு அடிச்சு 1-2ன்னு ஆச்சு, ஏசியன் கப் கனவு அன்னைக்கே முடிஞ்சுது. அந்த சாங் உய்-யங் மிட்ஃபீல்டுக்காரன். அந்த மாதிரி ஓட்டத்தை வாராவாரம் பாக்காதவனை நேரா அங்க கொண்டு நிறுத்தினா பாவம் அவன்தான் சாவான். கேம்ப்ல மூணு வாரம் நல்ல ஸ்ட்ரைக்கர் எதுக்க ஆட விட்டா தேறுவானா மாட்டானான்னு தெரிஞ்சுரும். அதைக்கூட செய்யல, அதுதான் என் கோவம்.

குளச்சல்காரன்: தமிழன்னு ஒதுக்குறானுவ, இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?

ஓய், இரவிபுத்தன்துறை சூசைராஜை 2019 கிங்ஸ் கப் டீம்ல எடுத்தாவ. நந்தகுமார் 2023-ல இந்தியாவுக்கு ஆடினார். ஒதுக்குறவன் அவங்களை மட்டும் எப்படி விட்டான்? நம்ம பையனைக் கூப்பிடாததுக்கு வேற காரணம் இருக்கு, கீழ சொல்றேன்.

மார்த்தாண்டம் ரப்பர்: அப்போ காரணம் என்ன சார்?

கணக்குதான் காரணம். நாட்டோட முதல் லீக்கான ஐ.எஸ்.எல்-ல ஒரு டீம் களத்துல நாலு வெளிநாட்டு ஆளை எறக்கலாம். காசு குடுத்துக் கொண்டு வர்றவனை எங்க வைப்பான்? ஒருத்தனை கோல் அடிக்க, ஒருத்தனை கோல் வாங்காம இருக்க, அதாவது ஸ்டாப்பரா. பெரும்பாலான கோச் அப்படித்தான் செய்யுறாங்க. ஆக ஒரு டீமுக்கு ரெண்டு ஸ்டாப்பர் இடம், அதுல ஒண்ணு வெளிநாட்டான், மிச்ச ஒண்ணுக்குத்தான் நாடு முழுக்க அடிதடி. விங்கருக்கும் சைடு பேக்குக்கும் அந்தக் கஷ்டம் கொறவு, அங்க நம்மூர் ஆளுங்களுக்குத்தான் நெறைய இடம். ஐ.எஸ்.எல்-ல ஆடாதவனை நேஷனல் கோச் பாக்குறது அபூர்வம். அப்படி ஒரு வட்டத்துல பையன் மாட்டிக்கிட்டு கெடக்கான், ஜாதி மொழி ஒண்ணும் இதுக்குள்ள இல்ல.

பேர் சொல்ல விருப்பமில்லை: 26 ஆச்சே, இனிமே எங்க?

தம்பி, கொண்டோட்டிக்காரர் அனஸ் எடத்தொடிகா. மும்பை எஃப்.சி., புனே எஃப்.சி., மோகன் பகான்னு வருஷக்கணக்கா ஐ-லீக்ல நின்னு ஆடினவர், எல்லாருக்கும் தெரியும் நல்ல டிஃபெண்டர்னு, கூப்பிட்டவன் ஒருத்தனும் இல்ல. 2017 மார்ச்ல, 30 வயசுல, முதல் தடவை இந்தியா ஜெர்சி. அதுக்கப்புறம் இன்னொரு ஸ்டாப்பர் ஜிங்கன் பக்கத்துல அவர் நின்னப்போ டிஃபென்ஸ் எப்படி இருந்துச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். 2019 ஏசியன் கப்ல பஹ்ரைன் மேட்ச், டிரா ஆனா போதும்ங்குற நெலம, அனஸ் அடிபட்டு ஆரம்பத்துலயே வெளிய போனார், கடைசி நிமிஷத்து பெனால்டியில 0-1. அவர் நின்னிருந்தா ஜெயிச்சிருப்போம்னு நான் சொல்லல, ஆனா அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ராகுல் பெக்கேயும் அப்படித்தான். 2019 ஐ.எஸ்.எல் பைனல்ல கூடுதல் நேரத்துல தலையால முட்டி பெங்களூருக்கு கப் வாங்கிக் குடுத்தார், அதுக்கப்புறம்தான் இந்தியா டீம், வயசு 28. இப்ப இந்தியா கோச்சா காலித் ஜமீல் வந்த பொறவு கேரளத்து உவைஸ், கீழ்லீக் எல்லாம் ஆடி வந்த லெஃப்ட் பேக், 27-ல எறங்கி 2025 ஆகஸ்ட்ல தஜிகிஸ்தான் கூட அஞ்சாவது நிமிஷம் ஒரு லாங் த்ரோ போட்டார், அன்வர் அலி முட்டி கோல். 26-ங்கறது ஸ்ட்ரைக்கருக்கு மத்தியானம், ஸ்டாப்பருக்கு காலைல பத்து மணி.

நீரோடி பாய்: உயரம் 5 அடி 9தான் அண்ணே, ஸ்டாப்பருக்குப் போதுமா?

கன்னவாரோ எவ்வளவு உயரம்னு தேடிப் பாரு. 2006 உலகக் கோப்பையைத் தூக்கின இத்தாலி கேப்டன், அவனும் ஸ்டாப்பர்தான்.

தக்கலை தாத்தா பேரன்: மெஸ்ஸியா ரொனால்டோவா?

அடுத்த கேள்வி.

கருங்கல் கண்ணன்: என் தம்பிக்கு 16 வயசு, டிஃபெண்டர். ஒருத்தர் கொல்கத்தா கிளப்ல டிரையல் வாங்கித் தரேன், 40 ஆயிரம் குடுங்கன்னு கேக்கார்.

குடுக்காதீங்க. குடுக்காதீங்க. டிரையலுக்குக் காசு கேக்குறவன் ஏஜெண்ட் இல்ல, வலை போடுறவன். எங்க ஊர்ல ஒரு வீட்டுல மகளுக்கு வச்சிருந்த வளையலை வித்து இப்படி ஒருத்தன் கையில குடுத்தாங்க, பையன் அங்க போய் எறங்கினப்போ கிரவுண்டு கேட்டு பூட்டிக் கெடந்துச்சு. அதே மாதிரி "வயசைக் கொஞ்சம் கொறச்சு சர்டிபிகேட் எடுத்துரலாம்"னு எவனாவது சொன்னா வாசல்லயே திருப்பி அனுப்புங்க. எலும்பு எக்ஸ்-ரேல மாட்டினா பையன் வாழ்க்கை போச்சு, சொன்னவன் அடுத்த வீட்டுக்குப் போயிருவான்.

புதுக்கடை: உலகத்துலயே அநியாயமா விடப்பட்ட டிஃபெண்டர் யாரு?

ஸ்டீவ் புரூஸ். மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன், மூணு தடவை பிரீமியர் லீக் ஜெயிச்ச டீம்ல நடு ஸ்டாப்பர், இங்கிலாந்து சீனியர் டீம்ல ஒரு மேட்ச் இல்ல. ஒண்ணே ஒண்ணுகூட இல்ல. லபோர்ட்டை பிரான்ஸ்ல கூப்பிட்டு பெஞ்சுல உக்கார வச்சே அனுப்பினாங்க, 2021-ல ஸ்பெயினுக்கு மாறினார், 2024 யூரோ கப்பைத் தூக்கினார். ஜெர்மனி ஸ்டாப்பர் ஹும்மல்ஸ் கதை உங்களுக்கே தெரியும், 2024 சாம்பியன்ஸ் லீக் பைனல் ஆடின மனுசன், அதே மாசம் சொந்த நாட்டுல நடந்த யூரோவுக்கு இடமில்ல. ஆனா ஹும்மல்ஸ் விஷயத்துல கோச் பக்கமும் நியாயம் உண்டு, பெஞ்சுல உக்கார வைக்க முடியாத ஆளைக் கூட்டிட்டுப் போனா அது தலைவலி.

சின்னத்துறை ஸ்டாப்பர்: அண்ணே நம்ம கடற்கரையில இருந்து போறவன் எல்லாம் விங்கராவே போறானே, ஸ்டாப்பர் ஏன் வரல?

இதுக்குத்தான் காத்திருந்தேன். மணல்தான் காரணம்.

மணல்ல பந்து உருளாது, எகிறாது. அதனால பிள்ளைகள் சின்னச் சின்ன அடி வச்சு, பந்தைக் காலோட ஒட்டி, லேசா தூக்கித் தூக்கிக் கொண்டு போவாங்க. விங்கருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஸ்டாப்பருக்கு இது விஷம். மணல்ல சாடி விழுந்து தட்டினா அடியும் படாது, ஃபவுலும் யாரும் ஊத மாட்டான், அப்போ சாடுறதே பழக்கமாப் போயிரும். புல்லுல அதே சாட்டம் பாக்ஸுக்குள்ள பெனால்டி. ஆஃப்சைடு லைன் கிடையாது, அதனால லைன் பிடிச்சு நிக்கப் பழக மாட்டான். நீளமா வர்ற பந்து எகிறி எங்க விழும்னு கணிக்கப் பழக மாட்டான். ஹெட்டுக்கு சாடுறதுல மணல் காலை இழுக்கும், அதுக்கு ஏத்தாப்புல முன்னாலயே சாடுவான், புல்லுல பந்து வர்றதுக்கு முன்னாலயே கீழ எறங்கிட்டு நிப்பான்.

பொழியூர் பார்டர்: சும்மா விடாதீங்க அண்ணாச்சி. மணல்ல ஓடினவனுக்கு 80-வது நிமிஷத்துல கால் தளராது. எங்க பக்கத்துல இருந்து சந்தோஷ் டிராபிக்கு (மாநில டீம்கள் மோதுற போட்டி) போனவங்க எல்லாம் மணல்ல பொறந்தவங்கதான்.

பாதி ஒத்துக்கிடுறேன். கெண்டைக்கால் பலம் மணல் தர்றதுதான். ஆனா நான் கேட்டது ஸ்டாப்பர். உங்க பக்கத்துல சந்தோஷ் டிராபி போனவங்கள்ல ஸ்டாப்பர் எத்தனை பேரு?

பொழியூர் பார்டர்: ஒரு நிமிஷம், யோசிக்கேன்.

குலசேகரம்: ஹஹஹ. எங்க கிரவுண்டு செம்மண்ணும் சரலும், சாடினா தொடைத் தோலு போயிரும், அதனால ஒருத்தனும் சாடமாட்டான், நின்னே பிடிப்பான். அப்ப எங்க ஊர்ல இருந்துதானே ஸ்டாப்பர் வரணும்?

வரணும் மக்கா. நான் வெளையாட்டுக்குச் சொல்லல, உள்பக்கத்துப் பசங்க நின்னு பிடிக்குறதுல எங்க பசங்களைவிட கெட்டி. உங்களுக்கு ஆடுறதுக்குத்தான் ஆள் இல்ல, எல்லாவனும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிட்டுப் போறான்.

சின்னத்துறை ஸ்டாப்பர்: அப்ப நம்ம பையன் மட்டும் எப்படி ஸ்டாப்பர் ஆனான்?

அவன் பத்து வயசு முதல் சர்ச் பக்கத்து கிரவுண்டுல ஆடினவன், அதுவும் அவன் இடதுகால்ங்கறதுனால பெரியவங்க ஓரமா பின்னால நிக்க வச்சாங்க. கடற்கரைக்கு அவன் அதிகம் வரவே இல்ல, அந்தக் கடற்கரை இப்ப இல்லவும் இல்ல, பாதி கடல் தின்னாச்சு.

பொழியூர் பார்டர்: யோசிச்சேன். ரெண்டு பேரு. ஆனா ரெண்டும் சைடு பேக்.

நன்றி, வணக்கம்.

முட்டம் மீனவன்: அதைவிடுங்க, எங்க ஆளுங்க ஆழ்கடலுக்குப் போனா 40 நாள் கழிச்சு வருவான், ஜூன் 1-ல இருந்து 61 நாள் தடைக்காலத்துலதான் ஒழுங்கா ஆடுவான். இதுல ஸ்டாப்பர் என்ன விங்கர் என்ன?

இது நான் சொன்ன மணலைவிட பெரிய காரணம், தோத்தேன். ஸ்டாப்பர்னா பக்கத்துல நிக்குறவன் கூட வருஷக்கணக்கா சேர்ந்து ஆடணும், அவன் எப்ப முன்னால போவான்னு முதுகுல தெரியணும். விங்கர் தனியா வெளங்குவான், ஸ்டாப்பர் சோடியாத்தான் வெளங்குவான். சோடியில ஒருத்தன் கடல்ல இருந்தா என்ன செய்ய.

அருமனை: மணல் நல்லதா கெட்டதா கடைசியா சொல்லுங்க

மேல படி.

திங்கள்நகர்: என் மகனுக்கு முட்டு வீங்கிருக்கு, நாளைக்கு பைனல். ஐஸ் வச்சு ஆடலாமா?

ஆடக் கூடாது, எலும்பு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, நான் டாக்டர் இல்ல. ஒரு காலத்துல எங்க டீம் மேனேஜர் "ஒரு மேட்ச்தானே"ன்னு சொன்னதைக் கேட்டு ஆடினதுலதான் நான் இன்னைக்கு இங்க டைப் அடிச்சிட்டிருக்கேன். சூசைராஜ் மாதிரி ஆளே 2020 நவம்பர்ல சீசன் முதல் மேட்ச்ல முட்டு போய் அந்த சீசன் முழுக்க வெளிய இருந்தார், அவருக்கு பெரிய கிளப்பு, பிசியோ எல்லாம் இருந்துச்சு. உங்க மகனுக்கு நீங்கதான் இருக்கீங்க.

இரணியல்: நம்ம பையனை இந்தியா டீம்ல எடுக்கலாமா?

முதல் கேள்வி.

பளுகல்: சார் அந்த வள்ளவிளைப் பையன் நேஷனல் டீமுக்கு…

முதல் கேள்வி. லேய், மேல போய்ப் படிங்கடே, கை வலிக்கு.

ரீல்ஸ் ராஜா: அவன் கிளிப் பாத்தேன், செம டேக்கிள். இதுக்கு மேல என்ன வேணும்?

அந்த டேக்கிள் ஏன் தேவைப்பட்டுச்சுன்னு அந்தக் கிளிப்புக்கு முந்தின பத்து செகண்டைப் பாரு. தப்பான எடத்துல நின்னான், அதனால சாட வேண்டி வந்துச்சு. நல்ல ஸ்டாப்பருக்கு கிளிப்பே இருக்காது. முழு மேட்சைப் பாக்க நேரமில்லன்னா தகுதி பத்திப் பேசாதீங்க.

பையன் பக்கத்து வீடு: மாமா, அவன் செவ்வாக்கிழமை கிளப்புக்குக் கெளம்புறான். போறதுக்கு முன்னால மலப்புறத்துல ஒரு செவன்ஸ் மேட்ச், டீமுக்கு ஏழு பேர் ஆடுறது, அதுல ஆட கூப்பிடுறாங்க, ஒரு ராத்திரிக்கு நல்ல காசு. போகவான்னு உங்கட்ட கேக்கச் சொன்னான்.

போகாண்டாம்னு சொல்லு. செவன்ஸ்ல சின்ன கிரவுண்டு, முரட்டு அடி, கால் போனா அவன் கிளப்பு ஒரு ரூவா தராது, காண்ட்ராக்டையும் காட்டுவான். காசு அவ்வளவு அவசரம்னா என்னை வந்து பாக்கச் சொல்லு, சாயங்காலம் வீட்டுலதான் இருப்பேன். அப்புறம் அந்தத் திரும்புற பயிற்சி, கோன் வச்சு நான் காட்டினது, அதை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால இருபது நிமிஷம் செய்யுறானான்னு மொட்டை மாடியில எட்டிப் பாத்துச் சொல்லு.

மீதி கேள்விக்கு அடுத்த வாரம். மழை வருது, கொடியில துணி கெடக்கு.