கேம் 7 பார்த்த கடன் இன்னும் தீரவில்லை, சீட்டை எடுக்கட்டுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. ஸ்காபரோவில் இருக்கிறேன். வயது 41. வேர்ஹவுஸில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா. 1993இல் டொரொண்டோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணிக்கு இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்று தந்த அந்த ஹோம் ரன்னை ஜோ கார்ட்டர் அடித்தபோது எனக்கு எட்டு வயது, கனடாவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் விளையாட்டின் விதி ஒன்றும் தெரியாமலே அப்பார்ட்மெண்டில் துள்ளிக் குதித்தார்கள். அன்றிலிருந்து நான் புளூ ஜேய்ஸ் பைத்தியம். 2025 ஒக்டோபர், நவம்பரில் நடந்த பிளேஓஃபில் (சம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்களில்) என் 12 வயது மகனோடு நாலு ஆட்டத்துக்குப் போனேன். யாங்கீஸுடன் (நியூயோர்க் அணி) கேம் 2க்கு, அதாவது தொடரின் இரண்டாவது ஆட்டத்துக்கு, இரண்டு டிக்கெட் 380 டொலர். சியாட்டிலுடன் கேம் 2க்கு 480, கேம் 7க்கு 840. வேர்ல்ட் சீரிஸில் டொட்ஜர்ஸுடன் (லொஸ் ஏஞ்சல்ஸ் அணி) கேம் 7க்கு 3,300. சாப்பாடு, பார்க்கிங், இரண்டு ஜேர்சி என்று இன்னும் 700. எல்லாமே கிரெடிட் கார்டில்தான். இப்போதும் 4,100 பாக்கி, வட்டி 19.99 வீதம். மாதம் 150 கட்டுகிறேன், இறுக்கிப் பிடித்தால் 250 கட்டலாம்.

20 பேர் சேர்ந்து மாதம் 500 கட்டும் 10,000 டொலர்ச் சீட்டு ஒன்றில் இருக்கிறேன். ஆறு மாதம் கட்டியாயிற்று. இப்போது 1,400 கழிவு போனால், அதாவது அவ்வளவையும் விட்டுக்கொடுத்தால், எடுக்கலாம் என்று சீட்டு நடத்தும் தாச்சி சொல்கிறார். எடுத்து கார்டை அடைத்துவிட்டு, மிச்சத்தில் சீசன் டிக்கெட் வாங்கலாமா? மைதானத்தின் மேல் தட்டான 500 லெவலில் இரண்டு இருக்கை 5,200 டொலர். அது கையில் இருந்தால் பிளேஓஃப் டிக்கெட்டை மூல விலைக்கே வாங்கலாம், மறுவிற்பனைக்காரனிடம் அழ வேண்டியதில்லை. டி.எஃப்.எஸ்.ஏ. (வரியில்லாச் சேமிப்பு) கணக்கில் 6,000 இருக்கிறது, அது அவசரத்துக்கு என்று வைத்தது, தொடமாட்டேன். மனைவி இதெல்லாம் விசர் வேலை என்கிறா.

பதில்: தம்பி, முதலில் உங்கள் மனைவி சொன்னதில் பாதியைத்தான் நான் ஒத்துக்கொள்வேன். ஆட்டம் பார்க்கப் போனது விசர் இல்லை. 32 வருடம் காத்திருந்து உங்கள் அணி வேர்ல்ட் சீரிஸுக்கு வந்திருக்கிறது. ஜோ கார்ட்டர் அடித்ததை நீங்கள் பார்த்த வயதை ஒட்டியே உங்கள் மகனும் நிற்கிறான். போகாமல் இருந்திருந்தால் நானே ஏன் போகவில்லை என்று கேட்டிருப்பேன். விசர் எதுவென்றால், வங்கியில் 6,000 டொலரைத் தூங்க வைத்துவிட்டு, பக்கத்திலேயே 4,100 டொலருக்கு 20 வீத வட்டி கட்டிக்கொண்டிருப்பது.

அந்தச் சேமிப்புக் கணக்கு 2.5 வீதம் தருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 4,100 டொலருக்கு வருடத்தில் கிடைப்பது 100 சொச்சம். அதே 4,100க்குக் கார்ட் உங்களிடம் வாங்குவது வருடத்துக்கு சுமார் 820. அதாவது, அவசரத்துக்கு என்று பூட்டி வைத்த பணத்துக்கு வருடம் 700 டொலர் காவல் கூலி கொடுக்கிறீர்கள். மாதம் 150 என்று இப்படியே கட்டினால் கடன் தீர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் 1,400 டொலரைத் தாண்டும். அவசரம் என்பது கார் பழுதாவதும் வேலை போவதும் மட்டுமில்லை. இதுவும் அவசரம்தான்.

ஆகவே டி.எஃப்.எஸ்.ஏ.யில் இருந்து 4,100ஐ எடுத்து இந்த வாரமே கார்டை மூடுங்கள். அந்தக் கணக்கில் இருந்து எடுத்தால் வரி இல்லை. எடுத்த தொகையை மீண்டும் போடுவதற்கான இடம் (அனுமதி அளவு) அடுத்த ஜனவரி முதலாம் திகதி உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அதற்கு முன்பே பணத்தைத் திருப்பிப் போடுவதென்றால் மட்டும், உங்களுக்குப் பழைய இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தண்டப்பணம் வரும். எனக்குத் தெரிந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது இதில் மாட்டுகிறார்கள்.

சரி, சீட்டுக்கு வருவோம். 1,400 கழிவு போய் எடுத்தால் கைக்கு வருவது 8,600. அதற்குப் பிறகும் 14 மாதம் கட்ட வேண்டும். கவனித்தீர்களா, நீங்கள் விட்டுக்கொடுக்கும் அந்த 1,400உம், கார்டுக்கு மூன்று வருடத்தில் போகும் வட்டியும் கிட்டத்தட்ட ஒரே தொகை. ஒன்றில் மெதுவாக இழக்கிறீர்கள், மற்றதில் ஒரே மாலையில், வட்டமாக இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே இழக்கிறீர்கள். அதுவும் உங்களுக்குத் தேவையான 4,100க்காக இல்லை, யாரும் அவசரப்படுத்தாத சீசன் டிக்கெட்டுக்காக. மற்றவர்கள் எடுக்கும்போது அவர்களின் கழிவில் உங்களுக்கும் பங்கு வரும் இடத்தில் இப்போது இருக்கிறீர்கள். அந்த இடத்தை விடாதீர்கள். சீட்டு 2027 ஜூனில் முடிகிறது என்றால் கடைசிப் பக்கமாக எடுங்கள். தாச்சி நம்பிக்கையானவர்தானே என்று மட்டும் ஒருமுறை யோசியுங்கள். இதில் கையெழுத்து வைத்த பத்திரம் எதுவும் இல்லை.

இனி பேஸ்போல். இங்கேதான் கணக்குச் சுவாரசியமாகிறது.

பிளேஓஃப் செலவை ஆட்கள் 'ஒரு டிக்கெட் எவ்வளவு' என்று கணக்குப் பார்க்கிறார்கள். அது பிழை. அணி வெல்ல வெல்ல ஏறும் பில் அது. முதல் சுற்றைத் தாண்டி நேராக உள்ளே வரும் அணிக்கு, சொந்த மைதான முன்னுரிமையும் இருந்தால், ஐந்து ஆட்டத் தொடரில் சொந்த மைதானத்தில் அதிகபட்சம் மூன்று, அடுத்த இரண்டு ஏழு ஆட்டத் தொடர்களிலும் நாலு நாலு. மொத்தம் 11. 2025இல் ஜேய்ஸின் மைதானமான ரொஜர்ஸ் சென்டரில் அந்த 11இல் 10 நடந்துவிட்டது, ஒக்டோபர் 4 தொடங்கி நவம்பர் 1 வரை, 29 நாளில். ஒவ்வொரு சுற்றிலும் 'இதற்கு மட்டும் போவோம்' என்று தோன்றும். நீங்களும் அப்படித்தான் நாலுக்குப் போயிருக்கிறீர்கள்.

அந்தப் பத்தில் ஜேய்ஸ் வென்றது எத்தனை தெரியுமா? ஐந்து. யாங்கீஸை இரண்டு முறையும் அடித்தார்கள். சியாட்டிலிடம் முதல் இரண்டையும் கோட்டைவிட்டுக் கடைசி இரண்டையும் பிடித்தார்கள். டொட்ஜர்ஸை முதல் ஆட்டத்தில் 11-4 என்று துவைத்தார்கள், மற்ற மூன்றையும் சொந்த மண்ணிலேயே பறிகொடுத்தார்கள். உங்கள் பட்டியலையே எடுங்கள். ஜேய்ஸின் குவெரேரோ கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நாலு ரன்) அடித்து 13-7இல் வென்ற யாங்கீஸ் ஆட்டம் 380 டொலர். ஸ்பிரிங்கர் ஏழாவது இன்னிங்ஸில் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தாரே, அது 840. இரண்டு வெற்றிக்கும் சேர்த்து 1,220. சியாட்டிலிடம் 10-3இல் வாங்கிக் கட்டியதும், டொட்ஜர்ஸுடன் வழக்கமான ஒன்பதைத் தாண்டி 11 இன்னிங்ஸ் போய் 5-4இல் உடைந்ததும் சேர்த்து 3,780. தோற்ற ஆட்டம் வீண் என்று சொல்லவில்லை, அந்தக் கேம் 7ஐ நேரில் பார்த்தேன் என்று உங்கள் மகன் தன் பிள்ளைகளுக்குச் சொல்வான். ஆனால் அதிக விலை கொடுத்தால் அதிக சந்தோசம் வரும் என்று சந்தையில் யாரும் எழுதித் தரவில்லை.

எனக்கும் அந்த அனுபவம் உண்டு. 2022 ஒக்டோபர் 8, சியாட்டிலுடன் இரண்டாவது ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் 8-1 என்று முன்னுக்கு நின்றோம். அந்த உற்சாகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் சேர்த்து பியர் வாங்கினேன். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்து செண்டர் ஃபீல்டில் மெதுவாக இறங்கியது. அதைப் பிடிக்க எங்கள் ஸ்பிரிங்கரும் பிஷெட்டும் ஓடி வந்து மோதினார்கள். பந்து புல்லில், ஸ்பிரிங்கர் தரையில், ஸ்கோர் 9-9. கடைசியில் 10-9இல் தோற்று, அந்த வருடப் பிளேஓஃபே அன்றோடு முடிந்தது. வீடு வரும் வரை காரில் யாரும் பேசவில்லை. அன்று செலவழித்த 600 டொலரை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருந்தபடியால் துக்கம் ஆட்டத்தோடு நின்றது. மாத முடிவில் கார்ட் பில்லாக இரண்டாம் முறை வரவில்லை.

சீசன் டிக்கெட் பற்றி. 81 ஆட்டம், இரண்டு இருக்கை, ஆக 162 டிக்கெட். 5,200 என்றால் ஒன்று சுமார் 32 டொலர், விலை மோசமில்லை. ஆனால் ஷிஃப்ட் வேலையோடு நீங்கள் எத்தனைக்குப் போவீர்கள்? பன்னிரண்டுக்குப் போனாலே பெரிய காரியம். மிச்சம் 138 டிக்கெட்டை நீங்கள்தான் விற்க வேண்டும். ஏப்ரல் மாதக் குளிரில் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு 32 டொலர் தர யார் வருவார்? 2024இல் இதே அணி 88 ஆட்டம் தோற்றுப் பிரிவில் கடைசியாக வந்தது. அந்த வருடம் முழு சீசன் வாங்கியவர்களுக்கு ஒக்டோபரில் கிடைத்தது வெறும் இலையுதிர்காலம்தான். ஆகவே தனியாக வேண்டாம். உங்களைப் போல இன்னும் மூன்று குடும்பம் கிடைத்தால் தலைக்கு 1,300 டொலர், 20 ஆட்டம், ஒன்று மிஞ்சும். அது யோசிக்கக்கூடியது, அதுவும் கடன் இல்லாத அடுத்த வருடம். ஒரு நிபந்தனை: பிளேஓஃப் வந்தால் எந்த ஆட்டம் யாருக்கு என்று மார்ச் மாதத்திலேயே சீட்டுக் குலுக்கி எழுதி வைத்துவிடுங்கள். நல்ல நண்பர்கள் கேம் 7க்காக முகம் பாராமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒக்டோபருக்கு என்ன செய்வது? கார்ட் தொல்லை போனதும் மாதம் 250 உங்கள் கையில் நிற்கும். அதில் 150 அவசரப் பணத்தை மீண்டும் கட்டியெழுப்ப. 100 டொலரை ஒரு தனிக் கணக்கில் போடுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 600. அதுதான் உங்கள் பேஸ்போல் காசு. அதில் வேர்ல்ட் சீரிஸ் போக முடியாது, தெரியும். ஆனால் முதல் தொடரில் உங்களுக்கு நடந்ததுபோல ஒரு நல்ல ஆட்டத்துக்கு இரண்டு பேர் போய்வரப் போதும். அணி தகுதி பெறாவிட்டால் அது அடுத்த வருடத்துக்கு 1,800 ஆக வளரும்.

வாங்கும்போது சில விசயங்கள். கேம் 5, 6, 7 எல்லாம் நடக்குமோ தெரியாத ஆட்டங்கள். நடக்காவிட்டால் காசு திரும்ப வரும், ஆனால் கார்ட் பில் அதற்கு முன்பே வந்துவிடலாம். சேவைக் கட்டணமும் திரும்புமா என்று தளத்தின் விதியை முதலே பாருங்கள். விலை அமெரிக்க டொலரிலா கனேடிய டொலரிலா என்றும் பாருங்கள். அமெரிக்க டொலர் என்றால் பெரும்பாலான கார்டுகள் மேலே இன்னொரு 2.5 வீதம் பிடிக்கும். அப்புறம், வெளியூர் ஆட்டங்களுக்கு ரொஜர்ஸ் சென்டரையே திறந்து பெரிய திரையில் காட்டினார்களே, அதை மலிவாகப் பார்த்த பிள்ளைகளும் தொண்டை கட்டத்தான் வீட்டுக்கு வந்தார்கள். லொஸ் ஏஞ்சல்ஸில் 18 இன்னிங்ஸ் போன அந்த ஆட்டம் முடிய இங்கே விடியப்புறம் மூன்று மணி ஆகிவிட்டது என்பது வேறு கதை.

அந்த 700 டொலர் உதிரிச் செலவில் ஜேர்சியைத் தவிர மிச்சத்தைத் தவிர்க்கலாம். கெனடி ஸ்டேஷனில் சப்வே ஏறினால் உங்களுக்கு 3 டொலர் சொச்சம், மகனுக்கு 13 வயது ஆகும் வரை இலவசம். சாப்பாடும் உள்ளே கொண்டுபோக விடுகிறார்கள். மனைவி செய்யும் ரோல்ஸ் ஆறைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோங்கள், உள்ளே விற்கும் ஹொட் டோக்கைவிட அது எத்தனையோ மேல்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். டொட்ஜர்ஸுடன் கேம் 7 டிக்கெட்டை எப்போது வாங்கினீர்கள்? என் ஊகம், கேம் 6 தோற்ற வெள்ளி இரவு, ஃபோனில், படுக்கையில் இருந்தபடி. கார்டை அடைத்த அன்றே அந்த டிக்கெட் தளங்களில் சேமித்து வைத்திருக்கும் கார்ட் இலக்கத்தை அழித்துவிடுங்கள். அடுத்த முறை வாங்க வேண்டுமென்றால் எழுந்து, விளக்கைப் போட்டு, மனைவியின் தலைமாட்டில் இருக்கும் பர்ஸை எடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.