சூரியகாந்தி விதையைத் தவிர வேறெதையும் தொடாத காக்கட்டீல்

விசுவமடுவில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டில் நான்கு வயதுக் காக்கட்டீல் (தலையில் கொண்டை உள்ள சிறிய கிளி இனம்) ஒன்று. சூரியகாந்தி விதையும் வறுத்த கச்சானும்தான் அதன் சாப்பாடு. கச்சான் வேறு, அப்பா ஏ9 வீதியால் வரும்போதெல்லாம் முறிகண்டியில் இறங்கி வாங்கி வருவது. கரட், கீரை எதை வைத்தாலும் கிண்ணத்தோடு தட்டி விழுத்திவிடுகிறதாம். "இரண்டு நாள் பட்டினி போடுங்கோ, தானாத் தின்னும்" என்று குருவி விற்ற கடையில் சொன்னார்களாம். போடலாமா?

போடக்கூடாது. காக்கட்டீலின் நிறை 80 முதல் 100 கிராம் வரைதான், அந்த உடம்பில் பெரிய சேமிப்பு ஒன்றும் இல்லை, ஒரு நாள் முழுக்க வயிறு காய்ந்தாலே நிலைமை மோசமாகலாம். உங்கள் குருவி நான்கு வருடமாகக் கொழுப்பையே தின்று வந்திருப்பதால் ஈரலிலும் கொழுப்பு படிந்திருக்க வாய்ப்பு அதிகம், அப்படிப்பட்ட குருவியைப் பட்டினி போடுவது இன்னும் ஆபத்து. அதோடு இந்த யோசனையில் ஒரு அடிப்படைத் தவறும் இருக்கிறது. குருவி அடம்பிடிக்கவில்லை, கரட் துண்டு சாப்பாடு என்பதே அதற்குத் தெரியாது. அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் கூட்டமாகத் திரியும் இனம் இது. எதைத் தின்னலாம் என்பதைக் குஞ்சு மற்றக் குருவிகளைப் பார்த்துத்தான் பழகும். உங்கள் வீட்டில் அதற்குக் கூட்டம் நீங்கள்தான்.

முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள், கேக் செய்பவர்கள் மா நிறுக்கிறார்களே, கிராம் காட்டும் அதே தராசு. காலையில் எச்சம் போட்ட பிறகு, சாப்பாடு வைக்க முன், தினமும் நிறுத்து எழுதுங்கள். தொடங்கிய நாளில் இருந்த நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் (90 கிராம் குருவி 81க்கு வந்தால்) மாற்றத்தை அப்படியே நிறுத்தி, பழைய சாப்பாட்டைத் தாராளமாகக் கொடுங்கள். எச்சத்தையும் பாருங்கள். எண்ணிக்கை குறைந்து கரும்பச்சையாக வந்தால் குருவி தின்பதுபோல நடித்துக்கொண்டு தின்னாமல் இருக்கிறது. கிண்ணத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உமியை உரித்து அதே கிண்ணத்தில் போடும் பழக்கம் அதற்கு. மேலே ஊதிப் பார்த்தால்தான் அடியில் விதை இருக்கிறதா வெறும் உமியா என்று தெரியும்.

மரக்கறிக்கு உடனே போகவேண்டாம். விதையில் இருந்து விதைக்கு மாறுவது சுலபம், அதை முதலில் முடியுங்கள். சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, கச்சானும் கிட்டத்தட்ட அப்படியே. தினையில் நூறு கிராமுக்கு நான்கு கிராம் அளவுதான். தினை, சாமை, குரக்கன் மூன்றையும் கலந்து, பழைய விதையோடு முதலில் கால் பங்கு, சில நாள் கழித்து அரைப் பங்கு என்று ஏற்றிக்கொண்டு போங்கள். குரக்கனைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, தானியங்களில் அதில்தான் கல்சியம் நிறைய. கச்சானை அப்பா கையால் கொடுக்கட்டும், ஆனால் ஒரு நாளைக்கு அரைப் பருப்பு, உப்புப் போடாதது, அதுவும் குருவி புதிதாக ஒன்றைக் கடித்துப் பார்த்தால் மட்டும். மாரி காலத்தில் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த கச்சான் ஈரலுக்கு நேரடி நஞ்சு. மணம் மாறியிருந்தால் கோழிக்கும் போடாதீர்கள்.

தினைக் கலவையை ஒழுங்காகத் தின்னத் தொடங்கிய பிறகுதான் பச்சை. இந்த விஷயத்தில் கொழும்பில் குருவி வளர்ப்பவர்களை விட வன்னியில் இருப்பவர்களுக்கு வசதி அதிகம் என்பேன். முற்றத்து முருங்கை ஒன்றே போதும், விட்டமின் ஏ ஆக மாறும் சத்தும் கல்சியமும் அந்த இலையில் நிறைய இருக்கிறது. விதை மட்டும் தின்னும் குருவிக்கு முக்கியமாகக் குறைவது இந்த இரண்டும்தான். அடிக்கடி தும்மல், மூக்கு ஒழுகல், வாய்க்குள் வெள்ளைப் படை எல்லாம் விட்டமின் ஏ குறைவில் வரக்கூடியவை. முருங்கைக் கொப்பு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, கிண்ணத்தில் போடாமல் கூட்டின் கம்பியில் தலைகீழாகக் கட்டிவிடுங்கள். ஈர இலையில் உரசிக் குளிக்க வரும், குளிக்கும்போது கடிக்கும், கடித்தால் பாதி வேலை முடிந்தது. பொன்னாங்காணி, வல்லாரையும் நல்லது. கடையில் வாங்கும் கீரைக்கும் பச்சைமிளகாய்க்கும் மருந்து அடித்திருப்பார்கள், நன்றாகக் கழுவுங்கள், முடிந்தால் வீட்டில் முளைத்ததையே கொடுங்கள். பச்சைமிளகாயா என்று யோசிக்காதீர்கள், பறவைக்கு உறைப்புத் தெரியாது, விதையோடு பிளந்து கொடுத்தால் சில குருவிகள் முதலில் தொடுவதே அதைத்தான்.

கரட்டைத் துண்டாக வைத்தால் தட்டிவிடும் என்கிறீர்கள். துருவி, ஈரத்தோடு தினையில் பிரட்டி வையுங்கள். தினையைப் பொறுக்கப் போனால் கரட்டும் அலகில் ஒட்டும். காக்கட்டீல் நிலத்தில் இரை பொறுக்கும் இனம், ஆகவே தொங்கும் கிண்ணத்தை விடக் கூட்டின் அடியில் தட்டையான தட்டு ஒன்றில் பரப்பினால் பயம் குறையும். அவித்த வத்தாளங்கிழங்கு, பூசணிக்காய், பால்பருவத்துச் சோளப்பொத்தி எல்லாம் இதே மாதிரித்தான். முளைகட்டிய பயறு விதைக்கும் பச்சைக்கும் நடுவில் நிற்கும் பாலம், அதை விட்டுவிடாதீர்கள். இரவு ஊறப்போட்டு, காலையில் கழுவி வடித்து, வெள்ளை முளை தலைகாட்டியதும் இன்னொரு தடவை கழுவிக் கொடுங்கள். வழுவழுப்பாகவோ புளித்த மணமாகவோ இருந்தால் எறிந்துவிடுங்கள்.

நேரம் முக்கியம். காக்கட்டீல் அதிகம் தின்பது விடியக்காலையிலும் பின்னேரத்திலும். இரவு கூட்டில் இருக்கும் விதையை எடுத்துவிட்டு, விடிந்ததும் புதுச் சாப்பாட்டை மட்டும் ஒன்றிரண்டு மணித்தியாலம் வையுங்கள், பிறகு வழக்கமான விதையைக் கொடுங்கள். இது பட்டினி இல்லை, பசிக்கும் நேரத்தைப் பயன்படுத்துவது. நீங்கள் தேத்தண்ணீர் குடிக்கும்போது கூட்டுக்குப் பக்கத்தில் இருந்து அந்தக் கரட்டை நீங்களும் கடித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சித்திரை வெயிலில் ஈரச் சாப்பாடு இரண்டு மணித்தியாலம் கூடத் தாங்காது, மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பீர்கள். சில குருவி ஒரு கிழமையில் தொடும், சிலது மாதக்கணக்கில் இழுக்கும். இடையில் ஒருநாள் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்காமல் விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

கல்சியத்துக்குக் கடையில் கட்டி வாங்கவேண்டாம், முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போனால் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கூட்டில் கட்டிவிடுங்கள். உங்களுடையது பெட்டை என்றால் இது கட்டாயம், காக்கட்டீல் பெட்டை சேவல் இல்லாமலே முட்டை இடும், கல்சியம் குறைந்தால் முட்டை உள்ளே இறுகிவிடும். காலை வெயில் கொஞ்சம் நேரடியாகப் படட்டும், கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயில் விட்டமின் டி தராது. கூட்டில் ஒரு பக்கம் நிழலும், பூனை பாம்பு எட்டாத உயரமும் வேண்டும்.

பெலட் தீன் (சத்துகளைக் கலந்து சிறு உருண்டைகளாக அழுத்திச் செய்த குருவித் தீன்) கிடைத்தால் நல்லது, அயடின் போன்ற மற்றக் குறைகளையும் அது நிரப்பும். அதையும் தூளாக்கித் தினையில் தூவித்தான் தொடங்கவேண்டும். ஆனால் அது வரும்வரை எதையும் தொடங்காமல் இருக்காதீர்கள். தண்ணீரில் விடும் விட்டமின் துளிகளை நான் சிபாரிசு செய்வதில்லை, சத்து சீக்கிரம் கெடும், தண்ணீரும் கெடும்.

பட்டர் புரூட், சொக்கலேட், தேத்தண்ணீர், வெங்காயம், பச்சை மரவள்ளியும் அதன் இலையும், உப்புப் போட்ட மிக்சர் இவற்றில் எதுவும் வேண்டாம்.

குருவி இறகை உப்பிக்கொண்டு கூட்டின் அடியில் குந்தியிருந்தால், மூச்சு விடும்போது வால் ஆடினால், சாப்பாடு மாற்றும் வேலையை விட்டுவிட்டு அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எங்கள் பக்கத்து வைத்தியர்களுக்கு மாடும் ஆடும்தான் அதிகம் வரும், ஆகவே போகமுன் தொலைபேசியில் பறவை பார்ப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது நிறை எழுதிய கொப்பியையும், எச்சம் விழுந்த கடதாசியையும் கையோடு கொண்டுபோங்கள்.