நாத்தனார் மகளுக்கு ஓர் அறை, நமக்கு ஐந்து வருடத் தவணை

கேள்வி: மேடவாக்கத்தில் மூன்று வருடங்களுக்கு முன் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்கினோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 1,12,000 வருகிறது. வீட்டுக் கடன் தவணை 36,500. குடிவந்தபோது கிச்சன், டிவி யூனிட், ஃபால்ஸ் சீலிங்குக்கு வாங்கிய பர்சனல் லோனுக்கு 8,100. இன்னும் இரண்டு வருடம் பாக்கி. வருடத்தில் ஆறு மாதம் மாமியார் எங்களோடு இருப்பார். ஜூனிலிருந்து நாத்தனார் மகள் நான்கு வருடப் படிப்புக்காக எங்களிடம் வரப்போகிறாள். “அவளுக்குன்னு ஒரு ரூம் வேணும்” என்கிறார் நாத்தனார். ஹாலில் ஸ்லைடிங் பார்ட்டிஷன், சுவரோடு மடங்கும் கட்டில் எல்லாம் சேர்த்து 8.3 லட்சத்துக்கு கொட்டேஷன் வந்திருக்கிறது. பழைய லோனையும் மூடி மொத்தமாக 10 லட்சம், ஐந்து வருடத் தவணையில் தருகிறேன் என்கிறது வங்கி. வாங்கலாமா? வீட்டுக் கடனோடு சேர்த்துக் கூடுதலாக வாங்கும் டாப்-அப் மேலா?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி.

பட்ஜெட் போடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடிதத்திலேயே கணக்கு தெளிவாக இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். வீட்டில் ஒரு தேவை வரும்போதெல்லாம் கடன் வாங்கி உள்ளே மாற்றி அமைக்கிறீர்கள். வேலை முடிந்து வருடங்கள் ஆன பிறகும் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதும் அதேதான்: பெண்ணின் படிப்பு நான்கு வருடம், கடன் ஐந்து வருடம். அவள் வேலைக்குப் போன பிறகும் அவள் படுத்த கட்டிலுக்கு நீங்கள் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

14 சதவீதத்தில் 10 லட்சம் என்றால் மாதம் சுமார் 23,300. மொத்தம் 14 லட்சத்துக்குப் பக்கம். வீட்டுத் தவணையும் சேர்ந்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். பழைய கடனை இதில் சேர்ப்பதுதான் இன்னும் மோசம். இரண்டு வருடத்தில் தானாக முடிய வேண்டிய 1.7 லட்சத்தை ஐந்து வருடத்துக்கு இழுப்பதால் மட்டுமே 40,000 ரூபாய் கூடுதல் வட்டி. முன்கூட்டி மூடுவதற்குக் கட்டணம் இருந்தால் அது தனி.

டாப்-அப்பில் வட்டி குறைவு, உண்மைதான். 9 சதவீதத்தில் 8.3 லட்சத்துக்கு மாதம் எட்டாயிரம்தான் வரும். ஆனால் மீதமுள்ள 17 வருடமும் கட்டினால் 16 லட்சம் தாண்டும். அந்த பிளைவுட் அதுவரை இருக்குமா?

சரி, கொட்டேஷனுக்கு வருவோம். பார்ட்டிஷன் 1.6 லட்சம், படிப்பு மேசையோடு மடங்கும் கட்டில் 1.9, கூரை வரை வார்ட்ரோப் 2.2, சோபா-கம்-பெட்டும் மடக்கு டைனிங் டேபிளும் 1.1, மீதி 1.5 லட்சம் சீலிங்கை மாற்றுவதற்கும் லைட்டுக்கும் டிசைனுக்கும். மாற்றி அமைக்கக்கூடிய வீடு என்று சொல்லி விற்கிறார்கள். இதில் பாதிக்கு மேல் சுவரிலும் கூரையிலும் அடித்து நிறுத்துகிற சாமான். ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைக் கழற்றி அடுத்த அறையில் மாட்ட முடியுமா? பார்ட்டிகிள் போர்டு என்றால் ஒருமுறை கழற்றியதுமே ஸ்க்ரூ பிடிமானம் தளர்ந்துவிடும். மடங்கும் கட்டில் முன்னால் சாயாமல் சுவர்தான் பிடித்திருக்க வேண்டும். புது அடுக்குமாடிகளில் உள்சுவர் பெரும்பாலும் லேசான பிளாக் கல். அதில் சாதாரண போல்ட் நிற்காது. சுவர் எதனால் கட்டியது என்று பில்டரிடம் கேட்காமலே கொட்டேஷன் கொடுத்திருந்தால், அந்த ஆளிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை என்று அவர்கள் ஆரம்பித்தால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

ஜூனுக்குள் உண்மையில் வேண்டியது என்ன? அந்தப் பெண்ணுக்குப் படுக்க ஓர் இடம், படிக்க ஒரு மேசை, உடை மாற்ற ஒரு மறைவு. ஹாலின் ஒரு மூலையில் கூரை டிராக் போட்டுக் கனமான திரை, அடியில் சாமான் வைக்கிற திவான், ஒரு மடக்கு மேசை, தனியாக நிற்கிற ஸ்டீல் பீரோ. 60,000-க்குள் முடியும். நான்கு வருடம் கழித்து திவான் மாமியாருக்கு, மேசை உங்கள் பையனுக்கு.

புதுக் கடனுக்காக, பழைய 8,100 போக, மாதம் 15,000 கூடுதலாகக் கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா? அதையே இந்த மாதத்திலிருந்து வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்டி சேமிப்பில் போடுங்கள். ஒரு வருடத்தில் 1.8 லட்சம் சேரும். அப்போதும் மடங்கும் கட்டில் ஆசை இருந்தால் ரொக்கம் கொடுத்து வாங்கலாம், அநேகமாக இருக்காது.

அப்புறம் நாத்தனார். பெண்ணை ஹாஸ்டலில் விட்டால் மாதாமாதம் அவர்தான் கட்டியிருப்பார். தனி அறை வேண்டும் என்று கேட்பவரிடம், அந்த 60,000-ல் பாதியையும் மாதம் ஒரு தொகையையும் கேட்பதில் தவறே இல்லை. இதை நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். அக்காவோ தங்கையோ, கூடப் பிறந்தவளிடம் அவர்தான் கேட்க வேண்டும். அதுவும் பெண் பெட்டியோடு வந்து இறங்குவதற்கு முன்பே.