விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர் ஷூட்டிங் ஸ்பாட்டில் என்னதான் செய்கிறார்? அந்த வேலைக்கு எப்படிப் போவது?

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை என்று நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதி ஸ்பாட்டில், அதுவும் அவசரத்தில்.

ஷாட் ஓகே ஆனதும் லைட்டை அணைப்பதற்குள், நடிகர் நின்ற அதே இடத்தில் கண்ணாடி போல் பளபளக்கும் க்ரோம் பந்தையும் சாம்பல் பந்தையும் பிடித்து, கேமராவில் பதிய வேண்டும்; பின்னால் சேர்க்கும் கிராபிக்ஸிலும் அதே வெளிச்சம் வர இது வேண்டும். க்ரோம் பந்தில் எந்த லைட் எங்கே இருந்தது என்று தெரியும். சாம்பல் பந்தில் நிழல் எவ்வளவு மென்மை என்று தெரியும். பிறகு எச்டிஆர்ஐ (ஸ்பாட்டின் வெளிச்சத்தை இருட்டு முதல் பிரகாசம் வரை பதியும் படம்), நடிகர் இல்லாத காலி ஷாட்டான க்ளீன் ப்ளேட். லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர், கேமரா உயரம், சாய்வு எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். விட்டால் ட்ராக்கிங் (கேமரா அசைவைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடிப்பது) செய்பவர் ஊகத்தில் ஓட்டுவார்.

பெரும்பாலும் சொதப்புவது க்ரீன் மேட், அதாவது பின்னணியை மாற்றுவதற்காக நடிகருக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணி. நடிகர் துணிக்கு ஒட்டி நின்றால் தோளிலும் முடியிலும் பச்சை படியும்; பத்தடியாவது தள்ளி நிறுத்துங்கள். ட்ராக்கிங்குக்காகத் துணியில் ஒட்டும் குறியான மார்க்கரும் அளவோடு போதும். பறக்கும் முடிக்குப் பின்னால் ஒரு மார்க்கர் வந்தால், 4 விநாடி ஷாட்டில் 96 ஃப்ரேமிலும் அதை அழிக்க வேண்டும்.

பலர் ரோட்டோவில் (ஃப்ரேம் ஃப்ரேமாக உருவத்தின் விளிம்பை வரைந்து பிரிப்பது) தொடங்கி, காம்பாசிட்டிங் (எல்லாப் படங்களையும் ஒரே ஷாட்டாக இணைப்பது), லீட் (குழுத் தலைவர்) என்று ஏறி வருகிறார்கள். காம்பாசிட்டிங் சாஃப்ட்வேரான நியூக் தெரிந்தால் மட்டும் போதாது. ஒளிப்பதிவாளரிடம் "இன்னும் 2 நிமிடம்" என்று கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும்.