கேளுங்கோ, சொல்லுறம்: முறிகண்டிக் கச்சானுக்கு எந்த வால்?

போன இதழில் இணைய முகவரியின் வாலைப் பற்றி, அதாவது டொட்டுக்குப் பிறகு வருகிற கொம், எல்கே, ஷொப் எல்லாவற்றையும் பற்றி நாலு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதமும் வட்ஸ்அப் குரல் பதிவும் மேசையை நிறைத்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை முழுப் பக்கத்தையும் இதற்கே விட்டிருக்கிறோம்.

"அண்ணை, நாங்கள் கச்சான் விக்கிறம். வெளிநாட்டில இருக்கிற சனம் பொதி அனுப்பச் சொல்லிக் கேக்குது. கடைப் பெயரில டொட் ஸ்டோர் முகவரி ஒரு டொலருக்குக் கிடக்கு. டொட் கொம் பத்துப் பன்னிரண்டு டொலர். மலிவை எடுக்கட்டோ?"
கடைக்காரர் ஒருவரின் மகள், முறிகண்டி

தங்கச்சி, அந்த ஒரு டொலர் முதல் வருடத்துக்கு மட்டும். விலைக்குக் கீழே சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் இன்னொரு விலை கிடக்கும், அதுதான் அடுத்த வருடத்திலிருந்து நீங்கள் கட்டப்போவது, டொட் ஸ்டோர், டொட் ஒன்லைன் மாதிரியானவற்றில் அது பல பத்து டொலராக இருக்கும். டொட் கொம்மை நடத்துகிற வெரிசைன் நிறுவனம், எங்களுக்கு முகவரி விற்கிற விற்பனையாளரிடம் வாங்குகிற மொத்த வியாபார விலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, 2024 செப்டெம்பரில் அது 10.26 டொலர் ஆனது. 2013க்குப் பிறகு வந்த புது வால்களுக்கு அப்படி உச்ச விலை எதுவும் இல்லை. புதுப்பிக்கிற விலையைக் கூட்டப்போகிறார்கள் என்றால் ஆறு மாதத்துக்கு முன் விற்பனையாளருக்கு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஒரே தடவையில் பத்து வருடம் வரைக்கும் கட்டி வைக்கலாம், ஆனால் அப்போதும் முதல் வருடம்தான் ஒரு டொலர், மற்ற ஒன்பதுக்கும் முழு விலை.

இன்னொன்று. ஏ9 இல் பஸ் பிள்ளையாரடியில் நிற்கிற பத்து நிமிடத்தில், தேங்காய் உடைத்த கையோடு ஓடி வந்து சரை வாங்குகிற ஆளுக்கு உங்கள் முகவரியை வாயால் சொல்லிப் பாருங்கள். "முறிகண்டிக் கச்சான் டொட் ஸ்டோர்" என்றால் அந்த ஆள் வீட்டுக்குப் போய் "ஸ்டோர் டொட் கொம்" என்றுதான் அடிப்பார். நான் நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தேன், மூன்று பேர் அப்படித்தான் அடித்தார்கள். டொட் கொம் கிடைத்தால் அதை எடுங்கள், கிடைக்காவிட்டால் டொட் எல்கே. மணலில் வறுத்த கச்சானின் வாசம் எந்த வாலிலும் வராது, ஆனபடியால் மிச்சக் காசுக்கு நல்ல படம் நாலு எடுத்துப் போடுங்கள்.

"டொட் கொம்மில் நல்ல பெயரெல்லாம் முடிந்துவிட்டதாமே?"
வாசகர், பரந்தன்

முதல் டொட் கொம் பெயர் பதிவானது 1985 மார்ச் 15. இன்றைக்குப் பதினைந்து கோடிக்கு மேல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகத் தேடினால் முடிந்துதான் போனது. எங்கள் ஊர்ப் பெயரையும் உங்கள் தொழிலையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்கும்.

"எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கு இணையத்தளம் செய்து தந்த தம்பி வெளிநாடு போய்விட்டார். முகவரி காலாவதியாகிப் போய், இப்போது திறந்தால் ஏதோ சூதாட்டப் பக்கம் வருகிறது. மீட்க வழி உண்டா?"
சங்கச் செயலாளர், புதுக்குடியிருப்பு

ஐயா, சூதாட்டப் பக்கம் வந்துவிட்டது என்றால் அநேகமாக வேறு ஆளின் கைக்குப் போய்விட்டது. டொட் கொம் மாதிரியான முகவரிகளுக்குக் காலம் முடிந்த அன்றே எல்லாம் முடிவதில்லை. விற்பனையாளரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்கலாம், அதன்பின் 30 நாள் தண்டப்பணம் கட்டி மீட்கலாம், பிறகு 5 நாள் யாரும் தொட முடியாது, அதோடு சந்தைக்கு வந்துவிடும். சில விற்பனையாளர்கள் இதற்கு முன்னமே ஏலத்தில் விட்டுவிடுவார்கள். பழைய பெயர்களுக்கு ஏற்கெனவே வருகைகளும் தேடல் மதிப்பும் இருப்பதால் அவற்றுக்காகவே காத்திருந்து பிடிக்கிற கூட்டம் உண்டு. 1999 இலிருந்து பிணக்குத் தீர்க்கிற முறை ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது வணிகக் குறி வைத்திருப்பவர்களுக்கானது, ஒருவர் விசாரிக்கிற வழக்குக்கே உலக அறிவுசார் சொத்து அமைப்பில் 1,500 டொலர் கட்ட வேண்டும். உங்கள் சங்கத்துக்கு அது கட்டாது. புது முகவரி எடுங்கள்.

எடுக்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள்: யாருடைய பெயரில் பதிகிறது. சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில், ஆள் மாறினாலும் மாறாத தொலைபேசி இலக்கத்தில். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இதை விளக்குவது லேசு, ஏனென்றால் உறுதிக் காணிக்கும் அனுமதிப்பத்திரக் காணிக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். இணைய முகவரி யாருக்குமே உறுதிக் காணி கிடையாது, எல்லாம் அனுமதிப்பத்திரம்தான், காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும், பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். வீடு கட்டிய மேசன் தன் பெயரில் பத்திரம் எழுதிக்கொண்டு போனால் விடுவோமா? இணையத்தில் மட்டும் விட்டுவிடுகிறோம்.

பெரிய ஆள் மாதிரிச் சொல்கிறேனே தவிர எனக்கும் இது நடந்தது. எங்கள் ஊர்க் கோயில் பரிபாலன சபைக்கு ஒரு தளம் இருந்தது, செய்தவரின் சொந்த மின்னஞ்சலில் பதிந்தது, நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம் அவர் பார்க்காத பெட்டிக்குப் போயிருக்கின்றன. பொங்கல் நோட்டீசு அச்சடித்து வந்த பிறகுதான் முகவரி போன விடயம் தெரிந்தது. நானும் சபைப் பொருளாளரும் ஒரு பின்னேரம் முழுக்க மண்டபத் தரையில் இருந்து, முகவரி இருந்த கடைசி வரிக்கு மேலே கறுப்புப் பேனையால் கோடு இழுத்தோம். மை காயமுதல் அடுக்கியதால் பாதி நோட்டீசில் பூசை நேரமும் அழிந்துபோனது.

முகவரி எப்போது முடிகிறது என்று நீங்களே பார்க்கலாம். முன்பு ஹூஇஸ் என்று ஒரு தேடல் இருந்தது. 2025 ஜனவரியோடு டொட் கொம் வகை முகவரிகளுக்கு ஆர்டாப் என்ற புது முறை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. உலகத்து இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்துகிற ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரை அடித்தால் முடிவுத் திகதி வரும்.

"பாடசாலைக்குத் தமிழிலேயே முகவரி எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? எடுத்தால் வேலை செய்யுமா?"
ஆசிரியை, மல்லாவி

உண்மை ரீச்சர். தமிழ் எழுத்தில் நாட்டு வால் மூன்று இருக்கின்றன: டொட் இலங்கை, டொட் இந்தியா, டொட் சிங்கப்பூர். எங்களுடையது சிங்களத்து டொட் லங்காவோடு சேர்ந்து 2010 இலேயே வந்துவிட்டது. டொட் எல்கேயைக் கொடுக்கிற அதே பதிவகம்தான் இதையும் கொடுக்கிறது. இத்தனை வருடமாகியும் தெருவில் ஒரு பலகையில்கூட நான் கண்டதில்லை.

வேலை செய்யுமா என்றால், உலாவியில் செய்யும். உள்ளே கணினிகள் தமிழைத் தமிழாகக் கொண்டுபோவதில்லை, 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு சிறுகோடு போட்ட ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் கொண்டுபோகும். சில இடங்களில் அந்த உள்வேடம் வெளியில் தெரிந்துவிடும். முகவரியைப் படியெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டினால் பாடசாலைப் பெயருக்குப் பதிலாக அந்த இலக்கமும் எழுத்துமான குழப்பம் வந்து நிற்கலாம், பெற்றோர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார்கள். விண்ணப்பப் படிவங்கள் பல "முகவரி பிழை" என்று திருப்பி அனுப்பும். தமிழ் மின்னஞ்சல் இன்னும் மோசம்.

இதைவிடப் பெரிய தலையிடி எங்கள் கையிலேயே இருக்கிறது, பாமினி. அச்சகத்திலும் பானர் கடையிலும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதை முகவரிப் பெட்டியில் ஒட்டினால் அம்மாவும் வரமாட்டா, பாடசாலையும் வராது. முகவரிக்கு யுனிகோட், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, வேண்டும். அப்புறம் 'ஔ' வருகிற பெயர் என்றால் கவனம், ஒருவர் ஔ என்று அடிப்பார், இன்னொருவர் 'ஒ' வும் 'ள' வும் பக்கத்தில் வைப்பார், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு.

பாடசாலைகளுக்கென்றே டொட் எல்கேக்கு முன்னால் 'எஸ்சிஎச்' போட்ட பிரிவு இருக்கிறது. முதலில் அதை எடுத்து மின்னஞ்சல், படிவம் எல்லாவற்றுக்கும் பாவியுங்கள். காசு மிஞ்சினால் தமிழ்ப் பெயரையும் எடுத்து அதற்குத் திருப்பிவிடுங்கள். வாசல் வளைவில் தமிழ் முகவரியை எழுதி, திறக்கிறதா என்று பிள்ளைகளே போனில் அடித்துப் பார்க்கட்டும். யாராவது பாவிக்கத் தொடங்கினால்தானே படிவம் செய்கிறவர்களும் திருத்துவார்கள்.

"நண்பர்களோடு சேர்ந்து ஒரு செயலி செய்கிறோம். டொட் ஏஐ எடுப்பதா, டொட் ஐஓ எடுப்பதா? ஐஓ அழியப்போகிறது என்கிறார்களே?"
பொறியியல் மாணவர், அறிவியல் நகர்

தம்பி, இரண்டெழுத்து வால் எல்லாமே நாட்டுக் குறியீடு. ஏஐ என்றால் செயற்கை நுண்ணறிவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது கரீபியனில் இருக்கிற அங்குய்லா என்ற தீவின் குறியீடு. அங்கே இருக்கிறது பதினாறாயிரம் பேரளவில், எங்கள் கரைச்சியில் மட்டும் அதைவிடக் கூடச் சனம். 2023 இல் இந்த வாலை விற்றே கிட்டத்தட்ட 3.2 கோடி அமெரிக்க டொலர் எடுத்தார்கள், அரசாங்க வருமானத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். கடலில் மீன் பிடித்ததைவிட எழுத்தில் பிடித்தது கூட.

ஐஓ பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசத்தின் குறியீடு, அதாவது சாகோஸ் தீவுகள். 2024 ஒக்டோபரில் அதை மொரிசியசுக்குக் கொடுப்பதாக பிரித்தானியா அறிவித்தது, 2025 மே 22 இல் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வைத்தார்கள். பிரதேசமே இல்லாமல் போய், நாடுகளின் குறியீட்டுப் பட்டியலில் இருந்தும் ஐஓ நீக்கப்பட்டால் வாலுக்கும் கேள்வி வரும். அப்போதும் விதிப்படி ஐந்து வருட அவகாசம் உண்டு, கேட்டால் பத்து வருடம் வரை நீட்டலாம். யூகோஸ்லாவியாவின் டொட் வையு 2010 இல் மூடப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1991 இல் உடைந்தது, அதன் டொட் எஸ்யு அதற்குப் பிறகும் பத்தாண்டுக் கணக்கில் ஓடியது.

இதற்காக நித்திரை முழிக்கத் தேவையில்லை. அதைவிட, ஏஐ குறைந்தது இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும், மாணவர் கைக்குப் பாரம். ஆங்கிலச் சொல்லாக ஒரு வால் வேண்டுமென்றால் டொட் டெவ், டொட் ஆப் இரண்டும் கூகுளுடையவை, பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் உலாவியில் திறக்கவே மாட்டா, அது நல்ல பழக்கம்.

"டொட் சிப் என்று முடிகிற இணைப்பு ஒன்று வந்தது. கோப்பா, தளமா?"
வாசகி, வவுனியா

இரண்டாகவும் இருக்கலாம், அதுதான் ஆபத்து. டொட் சிப் என்பது கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய பொதியின் பெயர் முடிவு, 2023 மே மாதம் கூகுள் அதை முகவரி வாலாகவும் விற்கத் தொடங்கியது. ஏன் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெரியாத ஆளிடமிருந்து வந்தால் தொடாதீர்கள்.

"டொட் பெர்லின், டொட் லண்டன் எல்லாம் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து டொட் வன்னி, டொட் தமிழ் எடுக்க முடியாதா? புலம்பெயர்ந்த எங்கள் ஊர்ச் சங்கம் காசு போடத் தயார்."
ஊர் அபிவிருத்திச் சங்க உறுப்பினர், ஒட்டுசுட்டான்

அண்ணை, ஆசை நல்லது, கணக்கைக் கேளுங்கள். ஐகான் 2012 இல் விண்ணப்பம் வாங்கியபோது 1,930 வந்தன, ஒவ்வொன்றுக்கும் 185,000 டொலர். அடுத்த சுற்று 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று அறிவித்தார்கள், இந்த முறை 227,000 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 6 கோடி 81 இலட்சம். இது விண்ணப்பத்துக்கு மட்டும். கிடைத்தால் ஐகானுக்கு ஆண்டுக்கு 25,000 டொலருக்கு மேல் கட்ட வேண்டும், கணினிகளை இரவு பகல் நடத்துகிற நிறுவனம் ஒன்றை வைக்க வேண்டும். வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணம் குறைக்கிற திட்டம் இருந்தது, அதற்கு விண்ணப்பிக்கிற காலம் 2025 இலேயே முடிந்தது.

பெயரிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு நாலும் எல்கே-42 முதல் எல்கே-45 வரை சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலில் நிற்கின்றன. அந்தப் பெயர்களில் வால் கேட்டால் அரசாங்கத்தின் ஆதரவுக் கடிதம் வேண்டும். வன்னி அந்தப் பட்டியலில் இல்லை. வாக்குச் சீட்டில் இருக்கிற வன்னி அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

மொழிக்கென்று வால் எடுத்தவர்கள் ஸ்பெயின் பக்கத்துக் கற்றலான்காரர். 2005 இல் டொட் கேட் வாங்கினார்கள், பூனை வளர்க்கிறவர்களுக்குக் கொடுப்பதில்லை, கற்றலான் மொழிக்கும் பண்பாட்டுக்கும் மட்டும். டொட் தமிழ் என்றால் அந்த மாதிரித்தான் வரவேண்டும். அதற்கு ஓர் ஊர்ச் சங்கம் காணாது, நாலு நாட்டுத் தமிழர் ஒரு மேசையில் இருக்க வேண்டும். கோயில் திருவிழா உபயத்துக்கே எங்கள் ஆட்கள் எப்படிப் பிடுங்குப்படுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போதைக்கு வன்னி என்ற சொல் வருகிற டொட் எல்கே ஒன்றைச் சங்கத்தின் பெயரில் எடுங்கள். அதற்கு முன்னால் புள்ளி போட்டு ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணி என்று எத்தனை ஊருக்கும் இலவசமாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஐகானிடம் கேட்கவே தேவையில்லை. சங்கத்துக்கென்று மின்னஞ்சல் ஒன்று இருக்கிறதா? இருந்தால் அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று இந்தக் கிழமையே விசாரியுங்கள்.