மாற்றுத்திறனாளிச் சான்று: மதிப்பீட்டு நாளுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: பண்ருட்டி அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வயது 47. ஒன்றரை வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து புதுச்சேரி ஜிப்மரில் சேர்த்தோம். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையும் காலும் சரியாக வரவில்லை, பேச்சும் முன்பு மாதிரி இல்லை. உதவித்தொகைக்காக ஆன்லைனில் பதிந்தோம். அடுத்த மாதம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு மதிப்பீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கோல் ஊன்றி நடக்கிறவருக்கு, உதவித்தொகைக்கு வேண்டிய 40 சதவீதக் குறைபாடு வராது என்கிறார்கள். ஜிப்மர் பேப்பர் வேறு மாநிலம், செல்லாது என்கிறார்கள். பணம் கொடுத்தால் 75 சதவீதம் வாங்கித் தருவதாக ஒருவர் வீடு தேடி வருகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: சகோதரி, ‘பேச்சும் முன்பு மாதிரி இல்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்த வரிதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அதில் ஒரு தனி வகை. மூளை, நரம்பு பாதிப்பால் பேச்சு போனாலும் அதில் சேரும். பக்கவாதம் என்றாலே கை, கால் மட்டும்தான் என்று நினைத்து விண்ணப்பத்தில் இயக்கக் குறைபாடு என்று ஒன்றை மட்டும் குறித்துவிடுகிறார்கள். அப்படிக் குறித்திருந்தால் அன்று பார்க்கிற மருத்துவரும் கை, காலை மட்டும் பார்த்து எழுதி அனுப்பிவிடுவார். நீங்கள் பதிந்த விண்ணப்பத்தின் நகலை எடுத்துப் பாருங்கள். பேச்சைக் குறிக்காமல் விட்டிருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதே சொல்லி, பேச்சையும் மதிப்பிட வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கொடுங்கள். மருத்துவமனையிலும் முதலிலேயே சொல்லி, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு குறைபாட்டின் சதவீதத்தையும் அப்படியே கூட்ட மாட்டார்கள், அதற்கென ஒரு கணக்கு உண்டு. ஆனால் கை, காலுக்கு 40-ஐ ஒட்டி வரும்போது பேச்சுக்குக் கிடைப்பது அந்த எல்லையைத் தாண்ட வைக்கலாம்.

நடக்கிறார், அதனால் 40 வராது என்பது தவறு. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. அவர்கள் பார்ப்பது நோய் எவ்வளவு கடுமையாக வந்தது என்பதையும் இல்லை. வந்துபோன பிறகு என்ன மிச்சம் இருக்கிறது, என்ன செய்ய முடியவில்லை என்பதைத்தான் அளக்கிறார்கள். நரம்பு பாதிப்புகளை ஆறு மாதமாவது கழித்தே மதிப்பிடுவதும் இதனால்தான். உங்களுக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால் நேரம் சரியாகத்தான் இருக்கிறது. வலது கைக்காரரா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதிகம் பழகிய கை பாதிக்கப்பட்டிருந்தால் அதற்குத் தனியாகக் கொஞ்சம் கூட்டுவார்கள்.

ஜிப்மர் பேப்பர் தாராளமாகச் செல்லும். அந்தச் சட்டத்தின் 2017 விதிகளில் 17-ஆவது விதி, வசிக்கும் மாவட்டத்திலும் விண்ணப்பிக்கலாம், சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். அங்கேயே விண்ணப்பிக்க வழி இருக்கும்போது, அங்கே தந்த காகிதத்தைப் பார்க்கவே மாட்டோம் என்று சொல்ல இடமில்லை.

ஆனால் உங்களிடம் இருக்கிற டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றரை வருடப் பழையது. அதில் வலது கையின் பலம் 2/5, காலின் பலம் 3/5 என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். ஐந்து என்றால் முழு பலம். அது அன்றைய நிலைமை. இன்றைக்கு எவ்வளவு என்று ஒரு மருத்துவர் எழுதிய தாள் வேண்டும். மதிப்பீட்டுக்கு முன்னால் ஒருமுறை கோரிமேட்டில் இருக்கிற ஜிப்மருக்கே போய் ஓ.பி.யில் காட்டி, இப்போதைய பலவீனம், பேச்சு நிலை, இனி முன்னேற வாய்ப்பு உண்டா என்பதை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் ஃபிலிம், பிசியோதெரபி போன சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றிலும் ஒரிஜினலும் ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அப்புறம், அன்றைய நாள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காகிதம் சரியாக இருந்தும் சதவீதம் குறைவது பெரும்பாலும் இங்கேதான்.

டாக்டர் ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்பார். நம் ஆட்கள் வாயில் வருவது ‘பரவாயில்லைங்க’. மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனால் எதிரே இருப்பவர் வரிசையில் நிற்கிற பலரையும் பார்த்தாக வேண்டும், உங்களுக்கு ஒதுக்க சில நிமிடம்தான் இருக்கும். அவர் காதில் விழுவது அந்த ஒரு சொல்தான். நல்ல சட்டை போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, தலை வாரி அழைத்துப் போவீர்கள். அழைத்துப் போங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பொத்தானை மாட்டியது நீங்கள் என்பது டாக்டருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லுங்கள். கைலி கட்டுவது யார், சோறு பிசைந்து சாப்பிட எந்தக் கை, கழிவறைக்குத் துணை வேண்டுமா, பஸ் படி ஏற எத்தனை பேர் பிடிக்க வேண்டும், கடைசியாக எப்போது கீழே விழுந்தார்: இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொன்று. பதற்றத்தில் எல்லாக் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். அவர் திணறுவதைப் பார்க்க மனசு கேட்காது, தெரியும். ஆனாலும் முதலில் அவரைப் பேச விடுங்கள். வார்த்தை தேடித் தடுமாறினால் அது மருத்துவர் கண்ணில் படட்டும். விட்டுப்போனதைப் பிறகு நீங்கள் சொல்லலாம். தினமும் கோல் ஊன்றுகிறவர் அன்றும் கோலோடுதான் வர வேண்டும், உள்ளே போகும்போது வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதேபோல் இல்லாததைக் காட்டவும் வேண்டாம். நல்ல நாளில் வாசல்வரை தனியாக நடப்பார் என்றால் அதையும் சொல்லுங்கள். நடிப்பு பரிசோதனையில் தெரிந்துவிடும், அப்புறம் உண்மையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பணம் கேட்டு வீடு தேடி வருகிற அந்த ஆள் ஏன் குறிப்பாக 75 என்கிறார் தெரியுமா? வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய், அதற்கு 40 சதவீதம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய், அதில் கடும் பாதிப்பு என்ற பிரிவுக்கு 75 சதவீதம் வேண்டும். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. அந்த 500 ரூபாய் ஆசையைக் காட்டித்தான் பணம் கேட்கிறார்கள். பொய்யாக உதவி பெற்றாலோ, பெற முயன்றாலோ 2016 சட்டத்தின் 91-ஆவது பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது அவர் அல்ல, உங்கள் வீட்டுக்காரர். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சதவீதம் குறைந்தால்? அங்கேயே சண்டை போட வேண்டாம். குறைபாடு இல்லை என்று முடிவு செய்தால் அதை எழுத்தில் தர வேண்டும் என்கிறது 58-ஆவது பிரிவு. குறைவாகப் போட்டாலும் அந்தச் சான்றைக் கையில் வாங்குங்கள். 59-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. அதற்குக் காலக்கெடுவும் உண்டு என்பதால் கிடைத்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். எந்தக் குறைபாடு விட்டுப்போனது, எந்த ஆவணத்தைப் பார்க்கவில்லை என்று குறிப்பாக எழுத வேண்டும். ‘நாங்கள் ஏழைகள்’ என்று பக்கம் பக்கமாக எழுதுவது மேல்முறையீட்டில் பயன்படாது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண் என்ற முறையில் உங்களுக்கும், மாற்றுத்திறனாளி என்ற முறையில் அவருக்கும் சட்ட உதவி இலவசம். கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், அல்லது 15100 எண்ணுக்குப் பேசுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் அது மேல்முறையீட்டுக்குப் பதில் ஆகாது.

சான்று வந்ததும் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, பேச்சும் சேர்ந்திருக்கிறதா, நிரந்தரமா தற்காலிகமா என்று பாருங்கள். முன்னேற வாய்ப்பு இருப்பதாக மருத்துவர் நினைத்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தருவார்கள். அப்படியென்றால் கடைசித் தேதியைக் குறித்து வைத்து, இரண்டு மூன்று மாதம் முன்பே மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். சான்று நாடு முழுவதும் செல்லும், ஆனால் உதவித்தொகை தானாக வந்துவிடாது. 40-க்கு மேல் 75-க்குள் வந்தால் இ-சேவை மையம் வழியாக ஓய்வூதியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பரிசீலிப்பது உங்கள் வட்டாட்சியர் அலுவலகம்.